மீஅறிதலும் ஆசிரியரின் பணியூக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றிய பிறகு, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் பணியிடைப் பயிற்சிகளிலும் கருத்தாளராகப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆசிரியர் தம் சிந்தனையைத் தாமே கவனிப்பதைப் பற்றியும், அதற்கும் அவருடைய பணியூக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றியும் பேசிய இடங்களில் எல்லாம், ஊர் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. சிலர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். பலர் தேநீர் இடைவேளையில் தனியாக வந்து கேட்டார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் சுட்டிக்காட்டுவதற்காக எண்கள் இட்டிருக்கிறேன்.

1. மீஅறிதல் என்றால் என்ன? யோசிப்பதற்கே புதுப்பெயர் வைத்திருக்கிறார்களா?

யோசிப்பது வேறு, நம் யோசனை எந்த வழியில் போகிறது என்று பார்த்துக்கொண்டே யோசிப்பது வேறு. ஒரு கணக்கைப் போடுவது அறிதல். போட்டுக்கொண்டிருக்கும்போதே, 'விடை இவ்வளவு பெரிதாக வரக்கூடாதே, எங்கோ தவறிவிட்டேன்' என்று உணர்ந்து பேனாவை நிறுத்துவது மீஅறிதல். மெட்டாகாக்னிஷன் என்ற சொல்லை மீஅறிவாற்றல் என்றும் அறிதல் பற்றிய அறிதல் என்றும் பலவாறு எழுதுகிறார்கள். இங்கே மீஅறிதல் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல் 1970-களில் இந்தக் கருத்துக்கு உருவம் கொடுத்தார். சில பொருள்களின் பெயர்களை மனத்தில் பதியவைத்துக்கொண்டு, 'இனிப் பிழையில்லாமல் சொல்வேன்' என்று தோன்றும்போது தெரிவிக்கும்படி குழந்தைகளிடம் கூறப்பட்டது. சற்றுப் பெரிய குழந்தைகள் தயார் என்றபோது உண்மையிலேயே தயாராக இருந்தார்கள். சிறு குழந்தைகளும் தயார் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சொல்லச் சொன்னபோது பெரும்பாலும் தடுமாறினார்கள். நினைவில் நிற்பது ஒன்று, நினைவில் நிற்கிறதா என்று அறிவது மற்றொன்று என்பது அதிலிருந்து தெளிவானது.

ஆன் பிரவுன் முதலிய உளவியலாளர்கள் இதை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒன்று, நம்மைப் பற்றியும் வேலையைப் பற்றியும் வழிமுறைகளைப் பற்றியும் நமக்குள்ள அறிவு. மற்றொன்று, அந்த அறிவைக் கொண்டு திட்டமிடுதல், இடையிடையே கண்காணித்தல், முடிந்தபின் மதிப்பிடுதல்.

2. இது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம். ஆசிரியருக்கு எதற்கு?

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் தசம எண்களை ஒப்பிடச் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தேன். 0.3, 0.25 என்ற இரண்டில் எது பெரியது என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 0.25 என்றார்கள். 25 பெரியது, 3 சிறியது என்பது அவர்கள் கணக்கு. பணத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும் என்று எண்ணி, ரூபாயையும் பைசாவையும் கொண்டு மறுபடி விளக்கினேன். மறுநாள் தவறு குறையவில்லை, இன்னும் உறுதிப்பட்டிருந்தது. விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கங்கள் இருக்கும். புள்ளிக்கு முன்னால் இருப்பது ரூபாய், பின்னால் இருப்பது பைசா என்று இரண்டையும் தனித்தனி முழு எண்களாகப் படித்தே பழகியவர்கள் அவர்கள். அதனால் 0.3 அவர்களுக்கு மூன்று பைசாவாகவே தெரிந்தது. என் விளக்கமே அந்தத் தவறுக்கு உரம் போட்டிருக்கிறது. பிறகு வரைபடத்தாளில் நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தை வரைந்து, முப்பது கட்டங்களுக்கும் இருபத்தைந்து கட்டங்களுக்கும் வண்ணம் தீட்டச் சொன்னபோதுதான் வழி பிறந்தது.

பாடம் தெரிந்தவருக்கு, தெரியாதவரின் மனம் எப்படி ஓடுகிறது என்பது மறைந்துபோகும். கல்வி ஆய்வாளர்கள் நேதனும் பெட்ரோசினோவும் இதை வல்லுநரின் காணாப் புள்ளி என்ற பொருளில் ஆராய்ந்திருக்கிறார்கள். இயற்கணிதத்தில் தேர்ச்சி மிக்கவர்களே, எந்தக் கணக்கு மாணவர்களுக்குக் கடினமாக இருக்கும் என்பதைத் தவறாகக் கணிக்க நேர்ந்தது. அத்துடன், நாம் எல்லோரும் ஆசிரியர் ஆவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான மணி நேரம் வகுப்பறையில் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறோம். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் சுட்டிய இந்தப் 'பார்த்துப் பழகிய பயிற்சி', நாம் அறியாமலே நம் குரலிலும் கரும்பலகை வேலையிலும் வெளிப்படுகிறது. நம் கற்பித்தலில் எது நாமே தேர்ந்துகொண்டது, எது தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க மீஅறிதல் வேண்டும்.

3. எனக்கு இருபது வருட அனுபவம். அது போதாதா?

அனுபவம் கைப்பழக்கத்தைத் தருகிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பிரிவேளை வேண்டும், எந்தப் பையன் எப்போது எழுந்து வெளியே போவான் என்பதெல்லாம் யோசிக்காமலே தெரிந்துவிடும். அது பெரும் சொத்து. ஆனால் யோசிக்காமலே நடப்பது எதுவோ, அது பிழைபட்டாலும் யோசிக்காமலே தொடரும். 0.3 பற்றிய என் பிழை நான் புதிதாகச் சேர்ந்தபோது நேர்ந்ததன்று. பதினோராம் ஆண்டில்தான் அதை நான் கண்டுகொண்டேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அதே பைசாக் கணக்கைச் சொன்னேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

டொனால்ட் ஷோன் 1983-இல் தொழில் வல்லுநர்களைப் பற்றி எழுதும்போது, செயலின் நடுவே சிந்திப்பது, செயலுக்குப் பின் சிந்திப்பது என்று இரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். நம் மரபிலும் இந்தக் கவலை இருந்திருக்கிறது. நன்னூல் பாயிரம், ஆசிரியர் ஆகத் தகாதவரைக் கழற்காய் பெய்த குடத்துக்கு ஒப்பிடுகிறது: போட்ட முறையில் அன்றி, வாய்க்கு வந்த காய் முதலில் கொட்டும். கற்றவர்தான், குறைவில்லை, ஆனால் எதை எந்த வரிசையில் வெளியிடுகிறோம் என்ற கவனம் அவருக்கு இல்லை.

4. பணியூக்கமும் பணித்திருப்தியும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. திருப்தி என்பது வேலையைப் பற்றிய மனநிறைவு. ஊக்கம் என்பது வேலையை நோக்கி நம்மைச் செலுத்தும் விசை. வீட்டுக்கு அருகில் பள்ளி, ஒத்துப்போகும் சக ஆசிரியர்கள், தொந்தரவு செய்யாத தலைமை ஆசிரியர் என்று எல்லாம் அமைந்த ஒருவர் முழுத் திருப்தியுடன் இருக்கலாம். ஆனால் புதிதாக எதையும் முயலாமலும் இருக்கலாம். பணியிடக் கலந்தாய்வில் தொலைதூரப் பள்ளி கிடைத்து மனக்குறையோடு இருக்கும் ஆசிரியை, அங்குள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்க வைத்தே தீருவது என்று உழைக்கவும் செய்கிறார். இருவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பாக்கப்பட்டது. 360 பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு அதன் விளைவைப் பார்த்தது. ஆசிரியர்களின் வருமானத் திருப்தி கூடியது, பணக்கவலை குறைந்தது, இரண்டாவது வேலைக்குப் போவது குறைந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் மாணவர்களின் கற்றல் மேம்படவில்லை. திருப்தி உயர்ந்தால் கற்பித்தலும் தானாக உயரும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

5. அப்படியானால் சம்பளம் முக்கியமில்லை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் குழுவினர் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு சொன்ன முடிவு இங்கே உதவும். சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை குறைந்தால் மனம் கசக்கும். அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் பிறக்காது. சாதித்த உணர்வு, பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவையே ஊக்கம் தருபவை. தமிழ்நாட்டில் 2009 ஜூன் 1-க்குப் பின் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், ஒரே வேலையைச் செய்தும் அடிப்படை ஊதியத்தில் 3,170 ரூபாய் குறைவாகப் பெறும் நிலையில் வைக்கப்பட்டார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுத் தெருவுக்கு வரவேண்டிய ஒருவரிடம் 'உள்ளார்ந்த ஊக்கம்' பற்றி உரையாற்றுவது நியாயமாகாது. சில தனியார் பள்ளிகளில் மிகக் குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்வோருக்கும் இது பொருந்தும்.

எதற்காகத் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தும் பணத்தின் விளைவு மாறுகிறது. ஆந்திரக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் 2005-இல் தொடங்கிய ஒரு சோதனையில், மாணவர்களின் முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியர்களுக்குப் போனஸ் தந்தார்கள்; சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவிகிதம்தான். அந்தப் பள்ளிகளில் மதிப்பெண்கள் கூடின. கவனிக்க வேண்டியது, ஆசிரியர்கள் விடுப்பு எடுப்பது குறையவில்லை. வந்திருந்த நாள்களில் கூடுதல் பயிற்சிகளும் கூடுதல் வகுப்புகளும் நடத்தினார்கள். மாணவரின் முன்னேற்றத்தின் மேல் பார்வையைத் திருப்பியதிலும் அந்த 3 சதவிகிதத்துக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து.

6. மீஅறிதலுக்கும் பணியூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வெவ்வேறு பாடத்தில் வருபவை ஆயிற்றே?

பி.எட். பாடத்தில் இவை தனித்தனி அலகுகளாக வருவதால் இந்த ஐயம் எழுகிறது. வகுப்பறையில் இவை பிரிக்க முடியாதவை. ஆசிரியப் பணியில் ஊக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வேலைப்பளு மட்டும் அன்று. 'நான் என்ன செய்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை' என்ற எண்ணம். தச்சர் மாலையில் தாம் செய்த நாற்காலியைப் பார்க்கிறார். ஆசிரியரின் வேலைக்கு அப்படிக் கண்முன் நிற்கும் உருவம் இல்லை. தான் செய்தது எது, அதனால் விளைந்தது எது என்ற கோடு மங்கலாகவே இருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் மீஅறிதல். அது தெரியத் தொடங்கியதும் ஊக்கம் வருகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி இதுவே.

உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா, 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற தன்திறன் நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே செய்து வென்ற அனுபவம் என்றார். ஆனால் வென்றதை வெற்றியாக அடையாளம் காணவும், அது எதனால் வந்தது என்று சொல்லவும் தெரியவேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி கூடியதும், 'இந்த வருஷம் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்' என்று சொல்லிக் கடந்துபோகிற ஆசிரியருக்கு அந்த வெற்றியால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த ஆண்டு தேர்ச்சி குறைந்தால் பிள்ளைகளைத்தான் நொந்துகொள்வார். 'திருப்புதல் தேர்வில் வந்த பிழைகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி கொடுத்தேன். அதில் மூன்றாம் வகை மட்டும் குறையவில்லை' என்று சொல்லக்கூடிய ஆசிரியருக்கு அடுத்த ஆண்டுக்கான வேலை காத்திருக்கிறது. உளவியலாளர்கள் டெசியும் ரயனும் மனித ஊக்கத்துக்கு அடிப்படை என்று கூறும் மூன்று தேவைகளில், அதாவது தன்னாட்சி, திறனுணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகியவற்றில், திறனுணர்வு வளரும் வழி இதுதான். மற்ற இரண்டும் 10, 12-ஆம் பதில்களில் வருகின்றன.

7. ஊக்கம் இருந்தால்தானே இப்படி யோசிக்கத் தோன்றும்? எது முதலில்?

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தன்னைத்தானே கவனிப்பதற்கு முயற்சி தேவை. சோர்ந்த மனம் முதலில் கைவிடுவது அதைத்தான். ஆனால் ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. கவனிப்பதைச் சிறிய அளவில் இன்றே தொடங்க முடியும். அதனால் நான் எப்போதும் அங்கிருந்தே தொடங்கச் சொல்கிறேன்: எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், ஒரே வகுப்பு, ஒரே பாடவேளை, ஒரே கேள்வி.

8. எமிஸ் என்னும் இணையத் தகவல் பதிவு, நலத்திட்டப் பட்டியல், கூட்டம், தேர்தல் பணி. இதில் எப்போது உட்கார்ந்து சிந்திப்பது?

நியாயமான கேள்வி. இன்னொரு பதிவேட்டை உங்கள் மேசையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. நான் செய்தது இவ்வளவுதான்: மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது, அன்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, துண்டுக் காகிதத்தில் விடை எழுதி வாங்கிக்கொள்வேன். ஓய்வறையில் அவற்றைத் திருத்துவதில்லை, மதிப்பெண் போடுவதில்லை. சரி, தவறு, புரியாத தவறு என்று மூன்று அடுக்காகப் பிரிப்பேன். நாற்பது காகிதங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். மூன்றாவது அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே போதும். 0.3, 0.25 விவகாரம் அப்படி ஒரு மூன்றாவது அடுக்கிலிருந்துதான் வெளிவந்தது.

9. பாடக்குறிப்பேடு எழுதுகிறேனே, அதுதானே திட்டமிடல்?

எழுதும் விதத்தைப் பொறுத்தது. 'மாணவர்கள் தசம எண்களை ஒப்பிட அறிந்துகொள்வர்' என்ற வரி ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகலாகிப் போகக்கூடியது; அதில் நீங்கள் எதையும் கணிக்கவில்லை, ஆகவே தவறவும் முடியாது. கீழே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: 'புள்ளிக்குப் பின் அதிக இலக்கம் இருந்தால் பெரிய எண் என்று சிலர் சொல்வார்கள், வரைபடத்தாளைக் கொண்டு மாற்றவேண்டும்.' இப்போது உங்கள் கணிப்பு எழுத்தில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அது பலித்ததா இல்லையா என்று பார்க்கலாம். மதிப்பிடுதல் என்று 1-ஆம் பதிலில் சொன்னது இந்த ஒப்பீடுதான்.

10. எண்ணும் எழுத்தும் கையேடு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நான் யோசிக்க என்ன இருக்கிறது?

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022-இல் தொடங்கிய இத்திட்டத்தில், பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஆசிரியருக்குச் செயல்பாடுகள் கையேடாகத் தரப்படுகின்றன. கையேடு புதிய ஆசிரியருக்குக் கைத்தாங்கல். ஆனால் எல்லாமே வரையறுக்கப்பட்டால் தன்னாட்சி குறையும், அதனோடு ஊக்கமும் குறையும் என்ற உங்கள் மனத்தாங்கலில் உண்மை இருக்கிறது.

எனினும் கையேடு சொல்லாத முடிவுகள் பல உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஒரு குழந்தையை அரும்பிலிருந்து மொட்டுக்கு எப்போது மாற்றுவது? எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளா, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கிறாளா? 'மரம்' என்பதைச் சரியாகப் படித்தவளிடம் படத்தை மறைத்துவிட்டு 'மதம்', 'மரபு' என்று எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும். இந்தத் தீர்ப்பு உங்களுடையது. அதன் காரணத்தை உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளிகளில் இத்தகைய முடிவுகள் ஒரு நாளைக்குப் பல நூறு எடுக்கப்படுகின்றன.

11. வகுப்பு நடக்கும்போதே என்னை நான் எப்படிக் கவனிப்பது? பாடத்தை நடத்துவதா, என்னைப் பார்ப்பதா?

முழுநேரமும் கவனிக்க முடியாது, கவனிக்கவும் வேண்டாம். முன்கூட்டியே இரண்டு இடங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்று, நீங்கள் 'புரிந்ததா?' என்று கேட்கும் இடமாக இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு நாற்பது குரல்கள் ஒரே இராகத்தில் 'புரிந்தது சார்' என்று சொல்லும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, 'இதைத் தவறாகச் செய்பவர் எப்படிச் செய்திருப்பார்?' என்று கேளுங்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்டபின் நீங்கள் காக்கும் மௌனம். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மனத்துக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் அந்த மூன்று விநாடி உங்களைத்தான் வாட்டும்.

12. என்னைக் கவனிக்கத் தொடங்கியதிலிருந்து என் குறைகள்தான் தெரிகின்றன. இருந்த ஊக்கமும் போய்விட்டது. என்ன செய்வது?

இது உண்மையில் நடப்பதுதான். இதை மறைத்துப் பேசும் பயிற்சிகளில் எனக்கு உடன்பாடில்லை. கவனிப்பதும் மனத்துக்குள் போட்டு உழற்றுவதும் அருகருகே இருப்பவை. 'எனக்குக் கற்பிக்கத் தெரியவில்லை' என்பது உழற்றல். அதிலிருந்து நாளைய பிரிவேளைக்குச் செய்வதற்கு எதுவும் கிடைக்காது. 'பைசா உதாரணம் இந்த இடத்தில் உதவவில்லை' என்பது கவனிப்பு, உதாரணத்தை மாற்றலாம். குறையை உங்கள் மேல் எழுதாமல், நீங்கள் கையாண்ட வழியின் மேல் எழுதுங்கள்.

தனியாக இருந்தால் உழற்றல் கூடும். என்னோடு பணியாற்றிய அறிவியல் ஆசிரியை ஒருவரும் நானும், மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்பெஞ்சில் உட்காருவது என்று வைத்துக்கொண்டோம். குறை சொல்லக்கூடாது, கண்டதை மட்டும் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. 'சார், நீங்கள் கேட்ட பதினான்கு கேள்விகளில் பதினொன்று சன்னல் பக்க வரிசைக்கே போயின' என்று அவர் சொன்னது எனக்கு ஓர் ஆண்டுப் பயிற்சிக்குச் சமம். 6-ஆம் பதிலில் சொன்ன பிணைப்பு என்பது இதுதான். ஒருவர் நம் வேலையை அக்கறையோடு பார்க்கிறார் என்ற உணர்வே மறுநாள் பள்ளிக்கு விருப்பத்தோடு போக வைக்கிறது. நாள்கணக்காக உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை என்று நீண்டால், அது வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

13. எம்.எட். ஆய்வில் மீஅறிதலுக்கும் பணியூக்கத்துக்கும் நேரிடைத் தொடர்பு வந்திருக்கிறது. மீஅறிதல் பயிற்சி தந்தால் ஊக்கம் கூடும் என்று முடிவு எழுதலாமா?

எழுதக்கூடாது. ஒரே நாளில், ஒரே ஆசிரியரிடம், இரண்டு வினாநிரல்களைக் கொடுத்து வாங்கிய மதிப்பெண்களுக்கு இடையிலான தொடர்பு அது. 7-ஆம் பதிலில் சொன்னபடி காரணம் எந்தத் திசையிலும் ஓடலாம். நல்ல தலைமை ஆசிரியர் என்ற மூன்றாவது காரணம் இரண்டையும் உயர்த்தியிருக்கலாம். எல்லாக் கூற்றுக்கும் 'ஆம்' என்று குறிக்கும் இயல்பும் ஒரு தொடர்பை உண்டாக்கிவிடும். தொடர்புக் கெழு 0.3 என்றால், அதன் வர்க்கம் 0.09; அதாவது, ஒன்றின் வேறுபாட்டில் மற்றொன்று விளக்குவது 9 சதவிகிதம்தான் என்பதையும் எழுதுங்கள்.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். மீஅறிதலை அளக்க ஷ்ராவும் டென்னிசனும் 1994-இல் உருவாக்கிய 52 கூற்றுகள் கொண்ட வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது. ஆசிரியர்களுக்கென 24 கூற்றுகள் கொண்ட ஒன்று 2011-இல் துருக்கியில் உருவானது. இவை தன்மதிப்பீடுகள். மீஅறிதல் குறைந்தவர் அந்தக் குறையையே அறியாமல் தமக்கு உயர்ந்த மதிப்பெண் இட்டுக்கொள்ளலாம்; தேர்வில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே மதிப்பிட்டுக்கொண்டதை க்ரூகரும் டன்னிங்கும் 1999-இல் காட்டினார்கள். தாள்களைத் தலைமை ஆசிரியர் மூலம் வாங்கினீர்கள் என்றால் பணியூக்க மதிப்பெண்ணையும் ஐயத்தோடு பாருங்கள். பத்து ஆசிரியர்களின் வகுப்பைச் சென்று பார்த்து, பின் அவர்களிடம் 'இந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?' என்று கேட்டு எழுதினால், இருநூறு தாள்கள் தராத செய்தி கிடைக்கும்.

14. தலைமை ஆசிரியராக நான் என்ன செய்யலாம்? 'சுயமதிப்பீட்டுப் பதிவேடு' ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

தொடங்காதீர்கள். கையொப்பத்துக்காக எழுதப்படும் சிந்தனை, கையொப்பம் இடுபவருக்குப் பிடித்த சிந்தனையாக மாறிவிடும். ஆசிரியர் கூட்டத்தில் பத்து நிமிடத்தை எடுத்து, உங்கள் வகுப்பில் சரிவராத ஒரு பாடத்தை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் சொல்வார். அதைப் பின்னொரு நாள் அவருக்கு எதிராக எடுத்துப் பேசாமல் இருந்தால் போதும்.

15. இதெல்லாம் அமைப்பின் குறையை ஆசிரியர் தலையில் கட்டுவது ஆகாதா?

ஆகக்கூடும், அப்படிப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல், ஆசிரியரிடம் 'சிந்தித்துச் செயல்படுங்கள்' என்பது அறமாகாது. 5-ஆம் பதிலில் சொன்ன குறைகள் மீஅறிதலால் தீர்பவை அல்ல.

ஆனால் தன் வேலையை உற்றுக் கவனிக்கும் ஆசிரியரின் முறையீட்டுக்குத் தனி வலிமை உண்டு. 'வேலை அதிகம்' என்று சொல்வதைவிட, 'இந்த மாதம் என் கணக்குப் பிரிவேளைகளில் ஒன்பது, பதிவேற்றப் பணிகளுக்குப் போயின. பின்ன அலகில் இந்த ஆறு பிள்ளைகள் அதனால் பின்தங்கினார்கள்' என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் மறுக்க இடமில்லை. எது என் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்தறிவதும் மீஅறிதலின் பகுதிதான்.

16. ஐம்பது வயதில் தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். படித்தது நிற்பதே இல்லை. இந்த மீஅறிதல் எனக்கு உதவுமா?

ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுகளுக்குள் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தீர்ப்பளித்ததிலிருந்து நான் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தவரை மீண்டும் 150 வினாக்களுக்கு முன் உட்கார வைப்பதன் வலியை நான் அறிவேன். உதவுமா என்றால், உறுதியாக உதவும்.

'நான்கு தடவை படித்தேன், நிற்கவில்லை' என்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை மனம் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவுகூர்ந்தது 40 சதவிகிதம். ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவிகிதம்.

ஆகவே குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்ற 30 வினாக்கள் வரும் பகுதியில் ஒரு பக்கத்தைப் படியுங்கள். மூடிவிடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறந்து, இரண்டு நாள் கழித்து அந்த இடத்தை மறுபடி எழுதுங்கள். முதல் தாள் பாதி வெறுமையாக இருக்கும். அது நினைவாற்றல் குறைந்ததற்கு அடையாளம் அன்று, நான்கு முறை படித்தபோது கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததுதான் இப்போது தெரிகிறது. இப்படித் தயாராகிக்கொண்டிருக்கும் ஆசிரியை ஒருவர், தாம் எழுதிய அந்தப் பாதி வெறுந்தாளைத் தம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டியதாகச் சொன்னார். 'மிஸ், உங்களுக்குமா மறக்கும்?' என்று கேட்டுவிட்டு, அன்று மாலை அவர்களும் சூழ்நிலையியல் புத்தகத்தை மூடி வைத்து எழுதத் தொடங்கினார்களாம்.